ஆர்ச் கண்ணாடி மாட்டப் போகிறீர்களா? பசையை முதலில் முகர்ந்து பாருங்கள்

சென்னை ராயபுரத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுக்கூடத்தில் பகலிலும் டியூப்லைட். முன் ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே இழுக்கத்தான் அதன் எதிர்ச்சுவரில் ஆர்ச் கண்ணாடி, அதாவது மேல்பக்கம் அரைவட்டமாக வளைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. வாசலைப் பார்த்தபடி கண்ணாடி கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் ஓர் அடி தள்ளி வைத்தேன்.

அளவு 2 அடி அகலம், 4 அடி உயரம். செய்தித்தாள்களை ஒட்டி, கீழிருந்து 3 அடி வரை இரு பக்கமும் நேர்கோடு. அந்த உயரத்தில் நடுவே ஓர் ஆணி, 1 அடி நூல், நுனியில் பென்சில். ஒரு அரைச்சுற்று போதும். தாளைச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். என் தம்பிக்குத் தலை தெரியாது என்பது அப்படித்தான் தெரிந்தது.

தாளோடு கண்ணாடிக் கடைகள் நிறைந்த தேவராஜ முதலி தெருவுக்குப் போனால் வெட்டித் தருவார்கள். 5 மில்லிமீட்டர் கேளுங்கள், ஓரத்துக்கு பாலிஷும் சேர்த்து. எடை சுமார் 9 கிலோ. ஆட்டோவில் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டு வாருங்கள்.

கண்ணாடியை நேராகச் சுவரில் ஒட்டுவது எனக்குப் பிடிக்காது. 12 மில்லிமீட்டர் 710 கிரேடு (ஈரம் தாங்கும்) பிளைவுட்டை அதே வடிவில், சுற்றிலும் அரை அங்குலம் சிறிதாக வெட்டிச் சுவரில் திருகுங்கள். பழைய காரைச் சுவர் என்றால் டிரில்லில் ஹேமரை (அடித்துத் துளைக்கும் முறையை) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காரை பெயர்ந்து விழும். வெள்ளைப் பொடி வரும் வரை காரைதான். செம்பொடி வந்தால்தான் செங்கல், அங்கேதான் பிளக் பிடிக்கும். மட்டம் பார்க்க போன் ஆப் வேண்டாம், ரசமட்டமே நல்லது.

இப்போது பசை. என் முதல் கண்ணாடியில் ஆறே மாதத்தில் கருப்புக் கோடுகள். கடல் உப்புக் காற்று என்று நினைத்தேன். ஆனால் அதே கூடத்தில் கிளிப் போட்டு மாட்டிய கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கழற்றிப் பார்த்தால், நான் பசை இழுத்த கோடுகளிலேயே ரசம், அதாவது கண்ணாடியின் பின்பூச்சு, போயிருந்தது. வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் அது. காயும்போது வெளிவரும் அமிலம் ரசத்தை அரித்துவிடும். டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பசையைச் செங்குத்தாக நான்கைந்து கோடுகள் இழுத்து, கண்ணாடியைப் பிளைவுட்டில் ஒட்டுங்கள். வட்டமாகப் போட்டால் உள்ளே காற்று போகாது, காயாது. அடியில் இரண்டு எல் கிளிப், மேலே டேப், 24 மணி நேரம் தொடாதீர்கள்.

பிற்சேர்க்கை: திருவொற்றியூரிலிருந்து ஒருவர், சுவரில் உப்பு பூக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பிளைவுட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு திருகிலும் தடித்த வாஷர் போட்டு இடைவெளி விடுங்கள். அப்புறம், துடைக்கும் திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடியுங்கள். ஓரம் வழியாக இறங்கினால் ரசத்துக்கு அதுவும் ஆகாது.