கீழ்காய்நெல்லியை மருந்தாக்க முனைவோருக்கு

மாரி மழை விழுந்ததும் வன்னியின் வயல் வரம்புகளிலும் வளவுகளிலும் தானாக முளைக்கும் கீழ்காய்நெல்லியைப் பரியாரியார்கள் செங்கண்மாரிக்குக் கொடுத்து வருகின்றனர். அதன் தூளை உறைகளில் (கப்சூல்) அடைத்து உணவுக் குறைநிரப்பியாக விற்பவர், அதனை மருந்தாக நிறுவ விரும்பினால், முதலில் செடியை உறுதிசெய்ய வேண்டும்.

ஒட்டுசுட்டானில் பிடுங்கிய ஒரு சாக்குச் செடியில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருக்கக்கூடும். இலைகள் உள்ள சிறு கிளையின் கீழே வரிசையாகத் தொங்கும் காய்களை உருப்பெருக்கியால் பாருங்கள்: கரடுமுரடாக இருந்தால் அது பிலாந்தஸ் யூரினேரியா, கீழ்காய்நெல்லியான பிலாந்தஸ் அமாரஸின் காய் வழுவழுப்பானது. பூவும் காயும் உள்ள செடியைப் பத்திரிகைத் தாளில் அழுத்தி உலர்த்தி, இடமும் திகதியும் குறித்து, பேராதனையிலுள்ள தேசிய தாவர மாதிரிக் காப்பகத்தில் பெயரை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். இது பிழையானால் பின்னர் செய்யும் எந்த அளவீட்டுக்கும் பொருளில்லை.

அடுத்து, நிழலில் உலர்த்திய இலையின் சாற்றைக் கரைப்பான்களால் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும், செங்கண்மாரிக்குக் காரணமாகக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி வைரசு தொற்றிய கல்லீரல் உயிரணுக்களில் சோதித்து, செயற்படும் கூறை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டு போக வேண்டும். இச்செடியிலுள்ள பிலந்தின் என்ற சேர்மம், சாற்றின் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி கருவியில் அளக்க எளிது என்பதற்காக அதுவே வேலைசெய்யும் சேர்மம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வைரசு குறைந்தது என்று மகிழுமுன் உயிரணுக்களும் இறந்தனவா என்று பாருங்கள். நஞ்சும் வைரசைக் குறைக்கும்.

மனித ஆய்வில் அவசரம் கூடாது. 1988 இல் த லான்செட் மருத்துவ இதழில் வெளியான சென்னை ஆய்வில், ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் காவியவர்களுள் இச்செடியின் தூளை 30 நாள் உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு, தொற்றைக் காட்டும் வைரசின் மேற்பரப்புப் பிறபொருள் (antigen) இரத்தத்தில் மறைந்தது. ஒப்பிடுவதற்காகச் செடியில்லாத போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பிடுங்கிய பருவம் ஆகியவை காரணமாகலாம் என்ற வாதம் எழுந்தது. ஒவ்வொரு மருந்துத் தொகுதியின் வேதிச் சேர்க்கையும் பதிவாகியிருந்தால் மட்டுமே அத்தகைய வாதத்தைச் சோதிக்க இயலும்.

ஆகவே ஒரே சேர்க்கையுள்ள தொகுதியை விலங்குகளில் நச்சுத்தன்மைக்காகச் சோதித்து, ஒழுக்கநெறிக் குழுவினதும் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையினதும் அனுமதியைப் பெற்ற பின்னரே, சில நலமானவர்களில் தொடங்கிப் படிப்படியாக நோயாளிகளுக்குச் செல்லுங்கள். செடி கசப்பானது என்பதால் போலி மருந்தையும் அதே நிற உறையில் அடைக்க வேண்டும். நாவில் படும் தூளாகக் கொடுத்தால் யார் எதைப் பெற்றார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.