இரண்டு நாட்டுப் புராணங்களை ஒப்பிடுவது எப்படி? குமார்பி, குரோனோஸ் கதைகளை வைத்து ஒரு செய்முறை

"இந்திரனும் இடி தெய்வம், ஜீயஸும் இடி தெய்வம், ஆகவே இருவரும் ஒருவரே" என்கிற பட்டியல்கள் இணையம் முழுக்க இருக்கின்றன. வானம் பார்த்த பூமி எங்கும் இடிக்கு ஒரு சாமி இருக்கத்தான் செய்யும். அதனால் சாமிகளின் இலாகாவை விட்டுவிட்டுக் கதை நகரும் வரிசையைப் பாருங்கள். எனக்கு வழி திறந்தது அங்கேதான். இங்கே எடுத்துக்கொள்ளும் குமார்பி ஹிட்டைட் புராணத்துத் தெய்வம், குரோனோஸ் கிரேக்கப் புராணத்தில் ஜீயஸின் தந்தை.

படி 1: மூலத்தை எடுங்கள்

கிரேக்கப் பக்கத்துக்கு ஹெசியட் என்ற கவிஞர் கி.மு. 700 வாக்கில் பாடிய தியோகனி, அதாவது தெய்வங்களின் பிறப்பு வரலாறு. பெர்சியூஸ் மின்நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஹிட்டைட்டுகள் இன்றைய துருக்கியில் பேரரசு நடத்திய பழங்கால மக்கள்; அவர்கள் பக்கத்துக்கு, அவர்களின் தலைநகரான ஹட்டுஷாவின் களிமண் பலகைகள். அங்கே அகழாய்வு 1906இல் தொடங்கியது. குமார்பியின் கதையை ஹிட்டைட்டுகள் தங்கள் அண்டை மக்களான ஹுர்ரியர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பலகைகளின் காலம் கி.மு. 14-13ஆம் நூற்றாண்டு.

படி 2: வரிக்கு ஒரு செயல்

நோட்டை அகலவாக்கில் வைத்து நடுவே கோடு போடுங்கள். எக்செல் எனக்குப் பிடிக்காது. கட்டம் சிறிதாக இருப்பதால் "போர்", "பிறப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். யார், யாரை, எதனால், என்ன செய்தார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

இடப்பக்கம் இப்படி வரும்: அலாலு விண்ணுலகை ஆள்கிறான். அவனுக்குக் கிண்ணம் ஏந்திய அனு, ஒன்பதாம் ஆண்டில் அவனை விரட்டுகிறான். அனுவுக்குக் கிண்ணம் ஏந்திய குமார்பி, அடுத்த ஒன்பதாம் ஆண்டில் அவனோடு மோதுகிறான். வானத்துக்குத் தப்பியோடும் அனுவின் காலைப் பிடித்திழுத்து, ஆண்குறியைக் கடித்து விழுங்குகிறான். "உன் வயிற்றில் புயல் தெய்வத்தை வைத்துவிட்டேன்" என்கிறான் அனு. அப்படிப் பிறந்த தெஷுப் ஆட்சியைப் பிடிக்கிறான்.

வலப்பக்கம்: குரோனோஸ், வானமாகிய தன் தந்தை ஊரானோஸின் ஆண்குறியை அரிவாளால் அறுக்கிறான். பிறகு தன் பிள்ளைகளையே விழுங்குகிறான். அவன் மனைவி ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்து ஜீயஸைக் காப்பாற்றுகிறாள். ஜீயஸ் தந்தையை வீழ்த்துகிறான்.

படி 3: பொருந்தாததையும் எழுதுங்கள்

அலாலுவுக்குக் கிரேக்கத்தில் இணை இல்லை. அங்கே தாத்தா, அப்பா, மகன் என்று நேர்க்கோடு. ஹிட்டைட் கதையில் குமார்பி அலாலுவின் வித்து. அனுவோ வேறு வம்சம். அனுவின் வித்து குமார்பியின் வயிற்றில் வளர்ந்து தெஷுப்பாக வருகிறது. பகைத்த இரண்டு வம்சமும் ஒரே உடலில் சேர்ந்துவிடுகின்றன! ஒற்றுமையை மட்டும் தேடியிருந்தால் இந்த அழகு கண்ணில் பட்டிருக்காது.

படி 4: சதுர அடைப்புக்குறி

பலரும் தடுக்கி விழும் இடம் இது. நல்ல மொழிபெயர்ப்புகளில் சில சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். பலகை உடைந்துபோய், அறிஞர்கள் ஊகித்து நிரப்பிய சொற்கள் அவை. குமார்பியும் ஒரு பிள்ளையைத் தின்னக் கேட்பதும், பதிலுக்குக் கிடைத்தது பல்லை நோகடிப்பதும் சிதைந்த பகுதியில் வருகின்றன. அது கல் என்பது பெரும்பாலோர் கருத்து. ஜீயஸுக்குப் பதில் விழுங்கிய கல்லோடு அது அபாரமாகப் பொருந்துகிறது. இருந்தாலும் அதைப் பென்சிலால் எழுதுங்கள், உறுதியானவற்றைப் பேனாவால். மறுகதைகளில் அடைப்புக்குறியையே எடுத்துவிடுவதால்தான் மூலத்தைப் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

படி 5: வரைபடம்

கதை பயணப்பட வழி இருந்ததா? சிரியா, துருக்கி எல்லையில் கடலோரமாக நிற்கும் ஜெபல் அக்ராவைத் தேடுங்கள். ஹிட்டைட்டுகளுக்கு அது ஹஸ்ஸி மலை. குமார்பியின் கல் மகன் உல்லிகும்மி கடலிலிருந்து வளர்ந்து நிற்பதைத் தெஷுப் பார்ப்பது அங்கிருந்துதான். கிரேக்கர்களுக்கு அதுவே கசியஸ் மலை. ஜீயஸ் தைஃபோன் என்ற அரக்கனை அதுவரை துரத்திப் போனதாக அப்பல்லோடோரஸ் பெயரில் உள்ள கிரேக்கப் புராணத் தொகுப்பு சொல்கிறது. உல்லிகும்மியின் காலை அறுப்பது வானத்தையும் பூமியையும் பிரித்த பழைய செம்புக் கருவி. கிரேக்கக் கதையில் அதன் இடத்தில் குரோனோஸின் அரிவாள். மலைக்கு வடக்கே அல் மினா என்ற பழைய துறைமுகத்தில் 1936இல் அகழாய்வாளர் லெனார்டு வூலி தோண்டியபோது கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பானையோடுகள் கிடைத்தன. ஹெசியட்டுக்குச் சற்று முந்தைய காலம்! கதை கைமாறியது இங்கேதான் என்று இது நிரூபித்துவிடாது. ஆனால் வழி இருந்தது.

பிற்சேர்க்கை

"இந்திரனை இந்த அட்டவணையில் சேர்க்கலாமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதே ஹட்டுஷாவில் கிடைத்த, ஹிட்டைட்டுகள் மித்தானி நாட்டோடு கி.மு. 14ஆம் நூற்றாண்டில் செய்த உடன்படிக்கையில், மித்ரன், வருணன், நாசத்தியர்களோடு (அசுவினி தேவர்கள்) இந்திரனும் சாட்சித் தெய்வமாக வருகிறான். படிக்கும்போது சிலிர்க்கும். ஆனால் அங்கே இருப்பது பெயர் மட்டுமே. இந்திரன் கொன்ற விருத்திரன் என்ற பகைவனின் கதை ஒரு வரிகூட இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அட்டவணையில் சேர்க்காதீர்கள். இந்திரன், விருத்திரன் கதைக்கு ரிக் வேதத்தின் முதல் மண்டலம், 32ஆம் சூக்தத்திலிருந்து தனி நோட்டு தொடங்குங்கள்.