மேப் வராவிட்டாலும் கொள்முதல் நிலையம் தெரியணும்

போன தை அறுவடையில், நீடாமங்கலம் பக்கம் டிராக்டரில் நெல்லோடு நின்றிருந்த சித்தப்பா போன் செய்தார். "என்னடா, நெலையத்த எல்லாம் மூடிட்டாங்களா? ஒண்ணுமே காட்டலயே."

எங்கள் வட்டாரத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் காட்ட நான் செய்து கொடுத்த தளம் அது. அதற்கு முந்தின நாள்தான் தளத்தின் முகவரியை மாற்றியிருந்தேன். தளத்தில் கூகுள் மேப்பைக் காட்ட ஏபிஐ கீ என்ற அனுமதிக் குறியீடு வேண்டும். அதை நிர்வகிக்கும் கூகுள் கன்சோல் பக்கத்தில், கீக்கு அனுமதித்த முகவரிகளில் புதியதைச் சேர்க்கவில்லை. திரையில் சாம்பல் பெட்டியும் ஆங்கிலத்தில் ஒரு வரியும். நிலையம் மூடிவிட்டது என்று அவர் நினைத்ததில் தப்பே இல்லை.

அதிலிருந்து, மேப் இல்லாத பக்கத்தைத்தான் முதலில் கட்டுகிறேன். நிலையத்தின் ஊர், நேரம், போன் எண் எல்லாம் சாதாரண எச்டிஎம்எல் பட்டியலாக இருக்கும். மேப் அதற்கு மேல் வந்து உட்காரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில் 'வழி' என்று ஒரு இணைப்பு. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து கூகுள் மேப்ஸைத் திறக்கும் அந்த இணைப்புக்குக் கீ தேவையே இல்லை.

கீ செல்லாததைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கூகுள் ஸ்கிரிப்ட் தவறான கீயோடும் ஒழுங்காக இறங்கிவிடும். அதனால் ஸ்கிரிப்ட் இறங்காதபோது கூப்பிடப்படும் 'ஆன்எரர்' அடிக்காது, கோடில் பிழையைப் பிடிக்கும் 'டிரை கேட்ச்'சிலும் சிக்காது. 'ஜிஎம்_ஆத்ஃபெய்லியர்' (gm_authFailure) என்ற பெயரில் குளோபல் ஃபங்ஷன் ஒன்றை நீங்களே எழுதி வைக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் கூகுள் அதைக் கூப்பிடும். அதற்குள் மேப் பெட்டியை மறைத்து, "மேப் இப்போது வரவில்லை. நிலையங்கள் திறந்திருக்கும் விவரம் கீழே" என்று தமிழில் காட்டுங்கள். கீ, பில்லிங் என்ற பேச்சு விவசாயிக்கு வேண்டாம். அது உங்களுக்கு மெயிலாக வரட்டும், முழுக் கீயை அதில் எழுதாமல்.

கூகுளுக்குப் பதில் லீஃப்லெட் என்ற மேப் லைப்ரரி என்றால், மேப்பின் சின்னச் சதுரப் படமான டைல் வராதபோது எழும் 'டைல்எரர்' (tileerror) நிகழ்வைக் கேளுங்கள். ஆனால் ஒரு டைல் வராததும் கீயைக் குறை சொல்லாதீர்கள். முத்துப்பேட்டைக் கடைமடையில் சிக்னலே விட்டு விட்டுத்தான் வரும். நாலைந்து டைல் தொடர்ந்து தவறினால், ஒரு டைலை மட்டும் 'ஃபெட்ச்' செய்து, சர்வர் பதிலோடு அனுப்பும் நிலை எண்ணைப் பாருங்கள். 401, 403 என்றால் பெரும்பாலும் கீ அல்லது அனுமதிச் சிக்கல். 429 என்றால் அளவு மீறிவிட்டது, உடனே திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பதிலே இல்லையென்றால் பெரும்பாலும் சிக்னல் சிக்கல். மேப்பாக்ஸ் என்ற இன்னொரு மேப் சேவையில் 'எரர்' நிகழ்வோடேயே அந்த எண் வந்துவிடும்.

பிரவுசரில் போகும் கீயை யாரும் பார்க்கலாம், அதனால் முகவரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடாதீர்கள். முகவரி மாற்றும் நாளில் கன்சோலைத் திறப்பதுதான் முதல் வேலை.

சோதிக்க, கீயில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பக்கத்தைத் திறக்கலாம். நான் அப்படித் திறந்து சித்தப்பா கையில் கொடுத்தேன். அவர் மேப்பைத் தேடவில்லை. பட்டியலில் நீடாமங்கலத்தைத் தொட்டு நேரே போன் போட்டார்.