பொதுத்தேர்வு: மார்க் ஒழுகும் இடங்கள்

தெரியாமல் போன மார்க் ஒரு கணக்கு. தெரிந்தும் போன மார்க் இன்னொரு கணக்கு. வயிற்றெரிச்சல் எல்லாம் இரண்டாவதில்தான்.

ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் பிள்ளைகளிடம் கேட்டால் "அந்தப் பாடத்தை அஞ்சு தடவை படிச்சிட்டேன்" என்பார்கள். அஞ்சு தடவையும் புத்தகம் திறந்தே இருந்திருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்த பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே மனதில் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வோம். பரீட்சை கேட்பதோ பார்க்காமல் எழுதுவதை. ஒரு பகுதியை இரண்டு தடவை படித்து, புத்தகத்தை மூடி, ரஃப் நோட்டில் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போன வரியை மட்டும் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் எழுதிப் பார்த்தால் போதும். முழுப் பாடத்தையும் மறுபடி வாசிப்பது நேரத்துக்குத்தான் கேடு.

எந்நேரம் படிப்பது? "விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திரு" என்று எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்வது இங்கே சரிப்படாது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் ஆரம்பம். மார்ச்சில் தொழில் நடக்கும். போட் கரைக்கு வரும் விடியலில் வீடே பரபரப்பாக இருக்கும். அந்த நாட்களில் முந்தின சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை படித்துவிட்டுத் தூங்குவதே நல்லது. நோன்பும் தேர்வும் ஒன்றாக வரும் வருடங்களில், ஸஹருக்கு (நோன்பு வைக்குமுன் சாப்பிடும் உணவுக்கு) எழுந்த வீடுகளில் சுபுஹு என்னும் விடியல் தொழுகைக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரம் கணக்குப் போட ஏற்றது. மத்தியானத்தில் பெரிய விடைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி தேர்வுத்தாள். பிளஸ் 2 இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மார்க். இரண்டு மார்க் பகுதியில் ஒன்பதில் ஆறு, மூன்று மார்க் பகுதியிலும் ஒன்பதில் ஆறு எழுத வேண்டும். ஆனால் 24-ஆம், 33-ஆம் கேள்விகள் கட்டாய வினாக்கள். தெரிந்த ஆறை எழுதிவிட்டுக் கட்டாய வினாவைத் தொடாமல் வருகிறவர்கள் உண்டு. அப்போது ஐந்துக்குத்தான் மார்க். பிளஸ் 2 கணக்குத் தாளில் இதே பொறி 30-ஆம், 40-ஆம் கேள்விகளில். முதல் 15 நிமிடத்தில், கேள்வித்தாள் வாசிக்கும்போதே, அந்த எண்களைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மார்க் கேள்வியில் குறியீடு, விடை இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள். (ஆ) என்று போட்டு, எதிரில் (இ)-யின் விடையை எழுதினால் பூஜ்ஜியம். இதில் பாதி மார்க் கிடையாது.

அலகு அடுத்த ஓட்டை. குவியத்தூரம் 20 செ.மீ. உள்ள குவிலென்சின் திறன் கேட்டால், 1-ஐ 20-ஆல் வகுத்து 0.05 என்று முடித்துவிடுகிறார்கள். செ.மீ.-ஐ மீட்டராக்க வேண்டும்: 1/0.2 = 5 டையாப்டர். முதல் வரியில் சூத்திரம், இரண்டாம் வரியில் மீட்டராக்கிய மதிப்பு, கடைசியில் அலகு. விடை பிசகினாலும் சூத்திரத்துக்கு உரியது கிடைக்கும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் வரைபடத்துக்கு 8 மார்க், செய்முறை வடிவியலுக்கு 8 மார்க். நூறில் 16 சும்மா கிடைக்கிற மாதிரி. அதையும் விடுவது அளவுத்திட்டம் எழுதாமல், அச்சுகளுக்குப் பெயரிடாமல், உதவிப்படம் போடாமல். காம்பஸும் காரணம்தான். உப்புக்காற்றில் திருகு துருவேறித் தளர்ந்திருக்கும்; வட்டம் ஆரம்பித்த இடத்துக்கு வந்து சேராது. முந்தின நாளே ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு, துடைத்து, இறுக்கி, 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

தலைப்புகளுக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம். எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கறுப்பு மை, படத்துக்குப் பென்சில் என்று கேள்வித்தாளிலேயே அச்சிட்டிருக்கிறது.

சமூக அறிவியல் வரைபடத்தில் நம் பிள்ளைகள் தவறுவதுதான் வேடிக்கை. வடகடல், தென்கடல் என்று பேச்சில் பிசகாமல் சொல்கிறவர்கள், தாளில் மன்னார் வளைகுடாவை வடக்கே குறித்துவிடுகிறார்கள். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாமல், வெற்று வரைபடத்தில் வாரம் ஒரு தடவை கையால் குறித்துப் பழகினால் இது வராது.

பிளஸ் 2-வில் செய்முறை உள்ள பாடங்களில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. வருகைக்கும் அகமதிப்பீட்டில் பங்குண்டு. கருவாடு காயப்போட, வலை பார்க்க என்று பிள்ளையை நிறுத்துகிற வீடுகள் இதையும் கணக்கில் வைக்கட்டும்.

தேர்வு மதியம் ஒன்றேகாலுக்கு முடியும். மணி ஒன்று ஆனதும் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். மிச்சமுள்ள கால் மணி நேரத்தில் கேள்வி எண்கள், கட்டாய வினா, அலகு, வரைபடத் தாளில் அளவுத்திட்டம், இந்த வரிசையில் பார்த்துவிட்டுத் தாளைக் கட்டலாம்.