ஒப்புக்கு ஒரு ஒப்புதல் பேனர்

உங்கள் ஆன்லைன் கடையை இன்காக்னிட்டோ விண்டோவில் திறங்கள். குக்கீகளுக்கு, அதாவது வந்தவரின் கருவியில் தளம் சேமிக்கும் சின்னக் குறிப்புகளுக்கு, ஒப்புதல் கேட்கும் பேனர் வரும். எதையும் அழுத்தாமல், கணினியில் எஃப்12 தட்டி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கீஸ் பட்டியலை விரித்துப் பாருங்கள். அடிக்கோடு போட்டு ஜிஏ (_ga) என்று ஒன்று இருந்தால் அது வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ். எஃப்பிபி (_fbp) என்றால் ஃபேஸ்புக் விளம்பரங்களுக்காக வருபவர்களைக் கண்காணிக்கும் மெட்டா பிக்சல். வந்தவர் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை; அதற்குள் இவை ஏறி உட்கார்ந்துவிட்டன என்றால், பேனர் சும்மா ஒப்புக்குத்தான் நிற்கிறது.

சிறு கடைகளில் மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். காரணம் எளிது. என்றோ ஒருநாள் யாரோ பிக்சலின் நிரலைக் கடையின் தீமில், எல்லாப் பக்கத்திலும் முதலில் ஓடும் ஹெட்டர் பகுதியில் ஒட்டியிருப்பார்கள். பேனரைக் காட்டும் பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) பிறகு வந்தது. பழைய நிரல் அங்கே இருப்பது அதற்குத் தெரியாது. தெரியாததை அது எப்படித் தடுக்கும்? அந்த நிரலை ஹெட்டரிலிருந்து எடுத்து, ஒப்புதல் கிடைத்த பிறகே ஓடும்படி டேக் மேனேஜரிலோ (இப்படிப்பட்ட நிரல்களை ஒரே இடத்தில் வைத்து இயக்கும் கருவி) பிளக்இன்னிலோ வையுங்கள். அப்புறம் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்த முறை ‘நிராகரி’யை அழுத்திவிட்டு, ஒரு பொருளைக் கார்ட்டில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்வாருங்கள். நிராகரித்ததும் கார்ட் காலியாகிறது என்றால் கார்ட் குக்கீயையும் சேர்த்துத் தடுத்திருக்கிறீர்கள். கார்ட், லாகின் போன்றவற்றுக்கு ஒப்புதலே கேட்க வேண்டியதில்லை.

இந்தச் சலுகையை இழுத்து நீட்டுவது அடுத்த தவறு. அனலிட்டிக்ஸையும் ‘அவசியமானவை’ பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் வியாபாரத்துக்கு அவசியம் என்பது வேறு, வாங்க வந்தவர் கேட்ட சேவைக்கு அவசியம் என்பது வேறு. சட்டம் பார்ப்பது இரண்டாவதை.

எந்தச் சட்டம்? இந்தப் பேனர்களுக்கெல்லாம் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு இ-பிரைவசி நெறிமுறை. 2009-இல் அதைத் திருத்தி, முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். ஒப்புதல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கடை ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பதாலேயே தப்பிவிட முடியாது. அங்கிருந்து யாரோ பக்கத்தைத் திறந்தார் என்பதற்காக ஜிடிபிஆர் உங்கள்மேல் பாயாது. ஆனால் யூரோவில் விலை போட்டு, அங்கே டெலிவரியும் செய்தால் கதை வேறு.

முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ஆம் தேதி, பிளானெட்49 வழக்கில் சொல்லிவிட்டது. குக்கீ எத்தனை நாள் இருக்கும், வேறு யார் அதைப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்றது. வேறொரு கடையின் பிரைவசி பக்கத்தைக் காப்பி அடித்து ஒட்டியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அதில் இருப்பது அந்தக் கடையின் குக்கீகள், உங்களுடையவை அல்ல.

‘ஏற்கிறேன்’ பளிச்சென்று பச்சையில், ‘நிராகரி’ மூன்று திரை தாண்டி. இந்தத் தந்திரமும் வேண்டாம். ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. சிறு கடைக்கு அவ்வளவு வராதுதான். அதற்காக அதே வடிவத்தை நாமும் வைப்பானேன்?

மறுத்தவரிடம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பக் கேட்பதும் எரிச்சலூட்டும் வேலை. வேண்டாம் என்றதை நினைவில் வைக்க ஒரு குக்கீ போடலாம், அதில் தப்பில்லை. சரி என்றவர் பிறகு மனம் மாறினால் திரும்பி வர ஃபுட்டரில் ‘குக்கீ அமைப்புகள்’ என்று ஒரு லிங்க் வேண்டும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால் அது குக்கீ இல்லையே என்று வாதாடாதீர்கள்; வாங்குபவரின் கருவியில் எதைச் சேமித்தாலும் இதே விதிதான்.

என்னைக் கேட்டால், பேனரைச் சீர்செய்வதற்கு முன் குக்கீகளைக் குறையுங்கள். விளம்பரம் நிறுத்தி நாளான பிக்சல், யாரும் பேசாத சாட் பெட்டி, எவரும் திறந்தே பார்க்காத அனலிட்டிக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் கார்ட்டும் லாகினும்தான் மிஞ்சும். அவற்றைப் பிரைவசி பக்கத்தில் எழுதிவிட்டு, பேனரையே கழற்றிவிடலாம்.