பழைய பிரெஞ்சுக் குட்டிக் காரும் நாம் செய்யும் தப்புகளும்

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கியர் லீவர் பானைக்குள் விட்ட அகப்பை மாதிரி நாலாபக்கமும் ஆடுகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் கியர் விழவில்லை. பழைய பெஜோ 205 வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் தோன்றுவது ஒன்றுதான்: கியர்பாக்ஸ் போச்சு. இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லும் மெக்கானிக்கும் வாய்த்துவிட்டால் செலவு எங்கேயோ போய் நிற்கும். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு. லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிகளின் நுனியில் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் உண்டு. உருண்டைத் தலைமேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தேய்ந்துபோனால் கழன்றுகொள்ளும். இன்ஜினை அணைத்து, சூடு தணிந்தபின் கையை விட்டு அழுத்தினால் ‘டக்’கென்று உட்காரும். வீடு வந்து சேர்ந்துவிடலாம். கம்பியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பெஜோவின் 205, 106, சிட்ரோயனின் ஏஎக்ஸ், சாக்ஸோ, ரெனால்டின் 5, முதல் தலைமுறை கிளியோ என்று 1980களிலும் 90களிலும் வந்த இந்தக் கூட்டத்தை வைத்திருப்பவர்கள் செய்யும் தப்புகளில் பாதி இந்த ரகம்தான். பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து காசை இறைப்பார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டுவார்கள்.

ரேடியோ மறைக்கும் அந்தச் சத்தம் அநேகமாகப் பின்னாலிருந்து வரும். 205, 106, ஏஎக்ஸ், சாக்ஸோ எல்லாவற்றிலும் பின் ஆக்ஸில் ஒரே மாதிரியான அமைப்பு. குறுக்கே ஒரு குழாய், அதன் இரு முனையிலும் சக்கரத்தைத் தாங்கும் கைகள், அந்தக் கைகள் சுழல, ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்குகள். சீல் பழுதாகித் தண்ணீர் இறங்கினால் கிரீஸ் போய்விடும், ஊசிகள் துருப்பிடிக்கும், பிறகு தாங்கும் தண்டையே அரிக்க ஆரம்பிக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்திப் பத்தடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். பின் சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, கூரையின் இரு சரிவு மாதிரித் தெரிந்தால் அரிப்பு முற்றிவிட்டது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வதும் அதே கதைதான்.

இங்கே வழக்கமாக நடப்பது, புது ஷாக் அப்சார்பர் போடுவது, அல்லது அலைன்மென்ட் பார்க்கக் கொடுப்பது. அந்தப் பின் சக்கரத்தின் சாய்வைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பேரிங்கும் சீலும் மாற்றுவதோடு முடியும். தள்ளிப்போட்டால் தண்டும் குழாயும் கெட்டு முழு ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து மாட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்கும் இதே வயது, இதே வியாதி. சக்கரம் தாங்கும் கையைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், அதாவது கூலண்ட். 1986இல் ஏஎக்ஸோடு அறிமுகமான பெஜோ-சிட்ரோயனின் டியூ (TU) வகை இன்ஜின்களில் பல அலுமினிய பிளாக் கொண்டவை. பிஸ்டன் ஓடும் குழாய்களான சிலிண்டர் லைனர்கள் தனியாக உள்ளே இறக்கப்பட்டிருக்கும். கூலண்ட் அவற்றை நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஓடும். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளிருந்தே அரிக்கும். கூலண்ட் மாற்றும்போது ஹீட்டர் ஹோஸிலும் தெர்மோஸ்டாட் பக்கத்திலும் உள்ள காற்றுத் திருகுகளைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலண்ட் வரும்வரை விட வேண்டும். ஊற்றி மூடிவிட்டுப் போனால் உள்ளே காற்று அடைபடும். வெப்பம் காட்டும் சென்சார் காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் டாஷ்போர்டில் வெப்ப முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கும், பிளாக்கின் மேல்மூடியான ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் காஸ்கெட்டை மாற்றும் நிலை வந்தால் இன்னொரு குழி. ஹெட் பிளாக்கோடு ஒட்டியிருக்கும். நேராக மேலே இழுத்தால் லைனரும் கூடவே எழும்பிவிடும். ஆட்டி அசைத்துத்தான் விடுவிக்க வேண்டும். கழற்றியதும் லைனர்களைக் கிளாம்ப் போட்டு அழுத்தி வைக்காமல் இன்ஜினின் கிராங்க் தண்டைச் சுற்றினால் லைனரின் அடியிலுள்ள சீல் விட்டுப்போய், கூலண்ட் ஆயிலில் கலக்கும். செய்யப் போகிற மெக்கானிக்கிடம் ‘லைனர் கிளாம்ப் இருக்கா?’ என்று கேளுங்கள். அவர் முழித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

ஆயில் மூடியின் அடியில் வெண்மையாக ஒரு பசை படிந்திருப்பதைப் பார்த்ததுமே காஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் உண்டு. குளிர்நாளில் கிட்டத்து ஓட்டமே ஓடும் காரில் அது வெறும் ஆவி படிந்ததாக இருக்கலாம். கூலண்ட் மட்டம் குறைகிறதா, ஆயில் குச்சியிலும் பால்நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு நீண்ட பயணம் போய்வந்தாலே பெரும்பாலும் சரியாகும்.

ரெனால்ட் காரர்களுக்கு வேறு தலைவலி. ஓடி நிறுத்திய கார் சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆறினால் எதுவுமே நடக்காதது போல எடுக்கும். பெட்ரோல் பம்பு, இக்னிஷன் காயில், கடைசியில் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் மூடியின் மேல் உட்கார்ந்து இன்ஜின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். அதன் முனையையும் பிளக்கையும் துடைத்தாலே சில கார்கள் தேறிவிடும். பிரேக் அழுத்தும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால் அது விளக்கின் எர்த் இணைப்பில் கோளாறு. எர்த் ஒயர் மாட்டும் இடத்தின் துருவைச் சுரண்டுங்கள், போதும்.

பாகம் வாங்கும்போது மாடலையும் வருஷத்தையும் மட்டும் சொல்லாதீர்கள். ஒரே 205இல் பெண்டிக்ஸ் கம்பெனி பிரேக்கும் வரும், கிர்லிங் கம்பெனி பிரேக்கும் வரும். சாஸி எண்ணோடு, முடிந்தால் பழைய பாகத்தையும் கொண்டு போங்கள். வீலிலும் அப்படித்தான். ஏஎக்ஸ், 106, சாக்ஸோவின் எளிய வகைகள் சிலவற்றில் மூன்றே போல்ட், மற்றவற்றில் நான்கு. கிளியோவுக்கும் நான்குதான், ஆனால் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், பெஜோவில் 108. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் என்று நெருக்கி மாட்டப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். நின்ற காரிலும் ரப்பருக்கு வயதாகும். டயரும் அப்படியே: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் 2314 என்றிருந்தால் 2014இன் 23ஆவது வாரம். எடை குறைந்த காரில் பூ தேயவே நாளாகும் என்பதால் கெட்டிப்போன டயர் புதுசு மாதிரி ஏமாற்றும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் வெளியே வீசும் என்று 205 ஜிடிஐக்கு ஒரு பெயர் உண்டே, அந்த டயரோடு ஈர ரோட்டில் சாதாரண 205உம் அதைச் செய்து காட்டும்.

கால்மிதி நனைந்திருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படிந்தால் ஹீட்டர் கசிகிறது. வெறும் தண்ணீர் என்றால் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலில் இலை அடைத்திருக்கும்.

இந்தக் கார்கள் பலவற்றில் ஹாரன் ஸ்டீயரிங் நடுவில் இருக்காது, இண்டிகேட்டர் குச்சியின் நுனியை அழுத்த வேண்டும். வாங்கிய முதல் வாரம் ஹாரன் ஃபியூஸை மூன்று தடவை மாற்றிப் பார்த்தவன் நான்.