குறுந்தொகைக்கு ஒரு கிண்ணம் தயிர்

குறுந்தொகை 167ஆம் பாட்டை நடத்தும் நாளில் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் கொண்டுபோவேன். நீங்களும் கொண்டுபோங்கள். புத்தகத்தை யாரும் திறக்க வேண்டாம்.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தயிரைக் கையால் பிசையச் சொல்லுங்கள். பாதியில், "தாளிப்பு கருகுது, ஓடு!" என்று குரல் கொடுங்கள். என் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி யோசிக்காமல் துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு ஓடினாள். வெள்ளையாய் ஐந்து விரல் தடம். அந்தத் தடம் காய்வதற்குள் பாட்டை வாசித்துவிட வேண்டும்.

ஆறே அடிகள். தயிர் பிசைந்த விரலை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட, புதுமனைவி ஒருத்தி கணவனுக்குச் சமைக்கிறாள். இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். பொருளுரை எழுதிப் போடாதீர்கள். பல வருடம் அப்படி எழுதிப்போட்டுப் பாட்டைக் கொன்றிருக்கிறேன். முளிதயிர் (கெட்டித் தயிர்), கலிங்கம் (ஆடை), குய்ப்புகை என மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் போதும். 'குய்' என்றால் தாளிப்பு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கடைசி இரண்டு அடிகளுக்குத்தான் நேரம் வேண்டும். கணவன் "இனிது" என்று சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின்' மகிழ்கிறது. பல் தெரியாமல் அந்த மகிழ்ச்சியை முகத்தில் காட்டச் சொல்லுங்கள், பையன்களையும்தான். வகுப்பே அமைதியாகிவிடும்.

இதைச் சொல்வது அவளை வளர்த்த செவிலித்தாய், கேட்பது பெற்ற தாய். அதை இருவர் பேசும் போன் உரையாடலாக, அவரவர் வீட்டுப் பேச்சிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் சிவப்பு மையை எடுக்காதீர்கள்.